இருநூற்று இருபத்தெட்டாவது நினைவூட்டல்

ரயில்வேயிடமிருந்து வந்த பதிலைச் செயலாளர் மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்று முறையும் அதில் ஒரே விஷயம்தான் இருந்தது. குடியிருப்போர் சங்கத்தின் ஆட்சேபக் கடிதம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. அதன்படி, வரவிருக்கும் புதிய ரயில் நிலையம் அறுபது மீட்டர் நகர்த்தப்படுகிறது. இதுவரைக்கும் நல்ல சேதிதான். எந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள் என்பதில்தான் வில்லங்கம். குடியிருப்பை நோக்கி நகர்த்துகிறார்கள்.

"வேண்டாம்னு எழுதினதுக்கே இவ்ளோ கிட்ட வர்றாங்க. வேணும்னு எழுதியிருந்தா வீட்டுக்குள்ளயே வந்திருப்பாங்களோ?" என்று கேட்டார் மருந்துக் கடைக்காரர். அவர் முதல் மாடிக்காரர். சங்கத்தில் யாரும் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒருவர் இருப்பார் அல்லவா, அந்தப் பதவி அவருடையது.

செயலாளர் தாம் அனுப்பிய கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். ரயில் நிலையம் வேண்டாம் என்பதற்குப் பதினொரு காரணங்கள் எழுதியிருந்தார். ஏழாவது காரணம், 'நிலையம் எங்கள் குடியிருப்பிலிருந்து தொலைவில் இருப்பதால் சத்தம் மட்டும் எங்களுக்கு, பயன் பிறருக்கு' என்பது. ரயில்வேக்காரர்கள் அந்த ஏழாவது காரணத்தைப் பல் பிடுங்குவதுபோல் சுத்தமாகப் பிடுங்கிவிட்டார்கள்.

"கடைசி வரியைப் பாத்தீங்களா?" என்றார் மேல்மாடிக் கணக்கு வாத்தியார். "'பல ஆண்டுகளாகத் தாங்கள் காட்டிவரும் இடைவிடாத அக்கறைக்கு நன்றி'ன்னு போட்டிருக்கு. நாம எழுதி ஒரு மாசம்தானே ஆச்சு?"

ஆபீஸ் கடிதத்தில் கடைசி வரியை யாரும் படிக்கக் கூடாது, அதை அச்சடித்தே வைத்திருப்பார்கள் என்று செயலாளர் விளக்கம் சொன்னார். முப்பத்தோரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவர் சொன்னால் மறுபேச்சு ஏது. கூட்டம் கலைந்தது.

இந்தச் செயலாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்புக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் செயலாளர். மனு எழுதுவது அவருக்கு, மற்றவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. சங்கத்துக்கு அவர் மூன்று விதிகள் செய்து வைத்திருந்தார். ஒன்று, எந்த மனுவுக்கும் பதில் வரும்வரை மாதம் தவறாமல் நினைவூட்டல் போக வேண்டும். இரண்டு, நினைவூட்டலோடு முதல் மனுவின் நகல் கட்டாயம் இணைக்கப்பட வேண்டும். மூன்று, ஒரே அலுவலகத்துக்குப் போகிற கடிதங்கள் எல்லாம் ஒரே உறையில் போக வேண்டும்; தனித்தனி உறை வீண்.

விதிகள் வேலை செய்தன என்பதற்குத் தெருமுனையே சாட்சி. விளக்கு வேண்டும் என்று ஒரு காலத்தில் மனுப் போட்டார்கள். விளக்குத் துறை விளக்கைப் போட்டது, பதில் போடவில்லை. பதில் வராததால் நினைவூட்டல் போய்க்கொண்டே இருந்தது. இப்போது அந்த முனையில் ஒன்றுக்கொன்று கைக்கெட்டும் தூரத்தில் நான்கு விளக்குகள் நிற்கின்றன. கல்யாண வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு புதியவர்கள் அடிக்கடி வருவார்கள். தம்மைக் கண்டால் அலுவலகங்களுக்குக் கொஞ்சம் பயம் என்று செயலாளர் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டார்.

ஆனால் இந்த ரயில் விஷயத்தில் அவர் இவ்வளவு மல்லுக்கட்டியதற்குக் காரணம் சங்கம் இல்லை. அவர் மனைவி.

அவள் முப்பது வருடம் பெரிய மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'தான். காய்ச்சல் என்றால் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு, மதியம் சாப்பிட்டுப் பின்பக்க ஜன்னலோரம் படுக்கிறாள். முப்பது வருடத் தூக்கம் பாக்கி இருக்கிறது, அதை அவள் நிம்மதியாகத் தூங்கித் தீர்க்க வேண்டும் என்பது செயலாளரின் ஒரே ஆசை. அதை அவளிடம் சொன்னதில்லை. சொல்வதற்குப் பதிலாக அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கினார். மதியத்தில் மிக்ஸி ஓடக் கூடாது என்று கீழ்வீட்டில் பேசி வைத்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் குளியலறையில் மாட்டினார்.

என்ன செய்தும் அவள் புரண்டு புரண்டுதான் படுத்தாள். இன்னும் எங்கோ ஏதோ சத்தம் மிச்சம் இருக்கிறது என்று செயலாளர் காதைத் தீட்டிக்கொண்டு வீட்டுக்குள் பூனைநடை நடந்தார். இந்த நிலைமையில்தான் அந்த ஜன்னலுக்கு நேர் பின்னே ரயில் நிலையம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வழக்கம்போல் கையெழுத்து வைபவம். சங்க அறையில் டைப் அக்கா கடிதக் கட்டோடு காத்திருந்தாள். சங்கம் தொடங்கிய நாள் முதல் அங்கே தட்டச்சு செய்பவள் அவள். கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. மனுவும் பதிலும் ஏறுகிற நினைவூட்டல் நோட்டில் இருப்பதை அடிப்பாள், அடித்ததை நீட்டுவாள். முப்பத்தாறு நினைவூட்டல்கள், மேலே ஒரு புது ஆட்சேபக் கடிதம். செயலாளர் புதுக் கடிதத்தை மட்டும் எழுத்தெண்ணிப் படித்தார். மற்றவற்றில் கையெழுத்துப் போடுகிற மூலையைத் தவிர வேறெதையும் அவர் பார்ப்பதில்லை. தம் விதிகள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கடிதங்களை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தாள். வேலைக்குப் போன காலத்திலும் ஒன்றாம் தேதி விடுப்பாக இருந்தால் வந்துவிடுவாள். முப்பது கடிதத்தை மளமளவென்று மடிப்பவள், நடுவில் ஏதோ ஒன்றுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்ப்பாள். முகவரி சரிபார்க்கிறாள் என்று செயலாளர் நினைத்துக்கொள்வார்.

அந்த மாத ஆட்சேபத்தில் அவர் முன்னெச்சரிக்கையாகத் தூரத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. சத்தம், படிக்கட்டு, வயதானவர்கள் என்று மூன்றே காரணங்கள். பதில் பன்னிரண்டே நாளில் வந்தது. சத்தம் கேட்காமலிருக்கத் தடுப்புச் சுவர் எழுப்பப்படும். படிக்கட்டுக்குப் பதிலாக மின்தூக்கி வைக்கப்படும். நடைமேடையில் கால் வைத்துக்கொள்ளத் தனிப் பலகையோடு ஒரு சாய்வு நாற்காலி போடப்படும்.

"கால் பலகை யார் கேட்டா?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

யாரும் கேட்கவில்லை. ஆனால் மின்தூக்கி என்ற சொல்லைக் கேட்டதும் கணக்கு வாத்தியார் முகத்தில் ஒரு மாற்றம் வந்ததைச் செயலாளர் கவனித்தார். வாத்தியாருக்கு முழங்கால் வலி. திட்டத்தை முழுக்க எதிர்க்காமல் முக்காலளவு எதிர்த்தால் போதாதா என்று வாத்தியார் மெதுவாக ஆரம்பித்தார்.

மூன்றாவது ஆட்சேபத்தில் செயலாளர் காரணமே எழுதவில்லை. காரணம் எழுதினால்தானே தீர்த்துத் தொலைக்கிறார்கள்? 'எங்களுக்கு இந்த நிலையம் வேண்டாம். எந்த வசதியும் வேண்டாம்' என்று இரண்டே வரி. எழுதி முடித்து, தம் வாழ்நாளில் எழுதிய மனுக்களிலேயே இதுதான் சிறியது என்று கொஞ்சம் வருத்தப்பட்டார்.

அதற்கு வந்த பதிலை அவர் சங்க அறையில் சத்தமாகப் படித்தார். 'தங்கள் இக்கட்டான நிலையை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொண்டோம். கவலை வேண்டாம். பணிகள் விரைவுபடுத்தப்படுகின்றன. குடியிருப்பின் வாசலிலிருந்து நடைமேடை வரை மழை படாமல் கூரையிட்ட பாதையும் அமைத்துத் தரப்படும்.'

கீழ்வீட்டுத் தையல்காரம்மா கூரைப் பாதை எத்தனை அடி அகலம் என்று கேட்டாள். அவளைப் பார்த்து நாலு பேர் தலையாட்டினார்கள். எதிர்ப்பு அணி அந்த நிமிடமே இரண்டாக உடைந்தது. ரயில் வேண்டும் என்பவர்கள், செயலாளர் தொடர்ந்து எதிர்த்தால் இன்னும் என்னவெல்லாம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். வேண்டாம் என்பவர்கள், இவர் ரகசியமாக ரயில்வேயோடு கைகோத்துக்கொண்டார் என்றார்கள்.

"நேராப் போய்ப் பேசி நிறுத்திட்டு வாங்க, செகரட்டரி சார்," என்றார் மருந்துக் கடைக்காரர். "இல்லைன்னா அடுத்த பொதுக்குழுவில வேற செகரட்டரியைப் பாத்துக்கறோம்."

பதவி போனால் போகட்டும். அந்த ஜன்னலுக்காகவாவது நேரில் போயாக வேண்டும் என்று செயலாளர் முடிவு செய்தார்.

மறுநாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டபோது மனைவி புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள்.

"நீ எதுக்கு? மூணு பஸ் மாறணும்."

"தெரியும். ரயில்வே ஆபீஸ் எங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான். முப்பது வருஷம் போன வழி, வாங்க."

மூன்று பஸ் மாறினார்கள். இரண்டாவது பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனார்கள். மூன்றாவதிலிருந்து இறங்கும்போது அவள் ஒரு கணம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். தினமும் இப்படியா போய்வந்தாள் என்று ஒரு நினைப்பு அவருக்குள் வந்து போயிற்று. எங்கோ முன்பே நினைத்த நினைப்புபோலவும் இருந்தது.

ரயில்வே அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர் தலை நரைத்தவர். செயலாளர் குடியிருப்பின் பெயரைச் சொன்னதும் அவர் பேனாவை மூடினார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். சட்டென்று எழுந்து தம் நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்குப் போட்டு, கோப்புகள் வைத்திருந்த ஒரு முக்காலியைக் காலி செய்து அவள் காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வந்துட்டாங்க," என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

உள்ளேயிருந்து ஏழெட்டுப் பேர் எழுந்து வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்போல நின்று சிரித்துவிட்டு, ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எல்லோரும் திரும்பிப் போனார்கள். பையிலிருந்த நான்காவது ஆட்சேபத்தை எந்த நேரத்தில் எடுப்பது என்று செயலாளருக்குப் பிடிபடவில்லை.

"திட்டத்தை நிறுத்தணும்னு சொல்ல வந்திருக்கோம்," என்றார்.

"தெரியும் சார். கூட்டத்தில உங்களை நெருக்கறாங்க, நீங்க வேற வழியில்லாம ஆட்சேபம் எழுதறீங்க. அதே கவர்ல உங்க மனசில இருக்கறதையும் வெச்சு அனுப்பறீங்க. எங்களுக்குப் புரியாதா?"

"என் மனசில இருக்கறதா?"

எழுத்தர் இரண்டு கையாலும் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலையணை கனம் இருந்தது. எல்லாம் சங்கத்தின் தாள்கள். எல்லாவற்றின் மூலையிலும் செயலாளரின் கையெழுத்து. இந்த மாதத்தோடு இருநூற்று இருபத்தெட்டு நினைவூட்டல் வந்திருக்கிறது, பத்தொன்பது வருடத்தில் ஒரு மாதம்கூடத் தவறவில்லை என்று எழுத்தர் பெருமையோடு சொன்னார், தாமே எழுதியதுபோல. ஆறு அதிகாரிகள் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவர் வந்தபோதும் முதல் மாதமே இந்தக் கடிதம் அவர் மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறாவது அதிகாரிதான் படித்துப் பார்த்து, இதற்கு மேல் முடியாது, நிலையத்தைக் கட்டிவிடுவோம் என்று கிளம்பினார்.

கோப்பின் அடியிலிருந்து முதல் கடிதத்தை எடுத்து நீட்டினார். செயலாளர் வாங்கிப் பார்த்தார். நீல மை. அவருடைய கையெழுத்தேதான், வயதுதான் குறைவு.

'ஐயா, எங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு செவிலியர் நாள்தோறும் மூன்று பேருந்துகள் மாறி மருத்துவமனைக்குச் சென்றுவருகிறார். மாலையில் திரும்பும்போது அவருடைய கால்கள் செருப்புக்குள் அடங்காத அளவுக்கு வீங்கிவிடுகின்றன. அவர் யாரிடமும் எதையும் கேட்கிறவர் அல்லர். ஆகவே நான் கேட்கிறேன். இங்கே ஒரு ரயில் நின்றால் அவர் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு வருவார். அந்த ஒரு மணி நேரம்' என்று போய், அடுத்த சொல் அடிக்கப்பட்டு, அதன் மேல் 'எங்கள் குடியிருப்புக்கு' என்று திருத்தி, 'மிகவும் தேவைப்படுகிறது' என்று முடிந்திருந்தது.

"அந்த அடிச்ச வார்த்தையை ஜன்னல்ல வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் படிச்சோம் சார்," என்றார் எழுத்தர். "'எனக்கு'ன்னு இருந்துச்சு."

செயலாளருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு சாயங்காலம், வாளி வெந்நீர், அதில் அவள் கால். ஒன்றும் சொல்லத் தெரியாமல் அவர் அடுத்த அறைக்குப் போய் மனு எழுத உட்கார்ந்தது. எழுதி நோட்டில் ஏற்றியாயிற்று, இனி விதி பார்த்துக்கொள்ளும் என்று அப்படியே மறந்தும் போயிருக்கிறார். பத்தொன்பது வருடம் மாதாமாதம் ரயிலைக் கேட்டதும் அவர்தான், மூன்று மாதமாக வேண்டாம் என்பதும் அவர்தான். இரண்டும் ஒருத்திக்காக. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முக்காலியில் காலை வைத்துக்கொண்டு கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்பட்டவள்போல் தெரியவில்லை. கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"எங்க மேலயும் தப்பு இருக்கு சார்," என்றார் எழுத்தர். "மூணாவது வருஷமே 'இது சாத்தியமில்லை'ன்னு முடிவா ஒரு பதில் போட்டோம். வேற யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி டாண்ணு நினைவூட்டல் வருது. எங்க பதிலைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை. அன்னிக்குத்தான் சார் இந்த ஆபீஸ் உங்களைப் பாத்துப் பயந்துச்சு."

அப்படியொரு பதில் வந்ததாகச் செயலாளருக்கு நினைவில்லை. பதில் வந்திருந்தால் நோட்டில் ஏறியிருக்கும், ஏறியிருந்தால் நினைவூட்டல் நின்றிருக்கும். விதி அப்படி. தபாலில் தொலைந்திருக்க வேண்டும். தபால் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவருக்கு அதை ஒப்புக்கொள்வது சிரமமாக இருந்தது. நான்காவது ஆட்சேபத்தைப் பையிலிருந்து எடுக்காமலேயே விடைபெற்றுக்கொண்டார்.

திரும்பும்போது இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஹாரன், கண்டக்டரின் விசில், ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜன்னல் கண்ணாடி, பின் இருக்கையில் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள். அத்தனைக்கும் நடுவில் அவர் தோளில் தலையைச் சாய்த்த மறு நிமிடம் அவள் தூங்கிவிட்டாள். ஆழ்ந்த தூக்கம், லேசான குறட்டையோடு.

செயலாளர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பஸ் இரைச்சலில் தூங்கிப் பழகியவளை அவர் இத்தனை நாள் நிசப்தத்தில் போட்டு வாட்டியிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் கடிகாரத்தைப் பழைய இடத்தில் மாட்ட வேண்டும், கீழ்வீட்டில் மிக்ஸியை ஓட்டச் சொல்ல வேண்டும். ரயில் வந்தால் அது ஜன்னலுக்குப் பின்னால் தினமும் தாலாட்டப் போகிறது. அந்தத் தடுப்புச் சுவர் மட்டும் வேண்டாம் என்று ஒரு மனு எழுத வேண்டும். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவர் அவளை எழுப்பவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்.

அவள் மேலே போனதும் அவர் சங்க அறைக்குள் நுழைந்தார். டைப் அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கூரைப் பாதை எவ்வளவு அகலம் என்று கேட்டுத் தையல்காரம்மா கொடுத்த மனு.

"அந்த நினைவூட்டல் நோட்டை எடுங்கம்மா. ரயில் நிலையம் கேட்டு ஒரு பழைய மனு இருக்கும். பதில் வந்தாச்சுன்னு எழுதி அடிச்சிடலாம்."

டைப் அக்காவின் விரல்கள் நின்றன. நோட்டை எடுத்தாள். ஆனால் திறக்கவில்லை, மேலே கையை வைத்துக்கொண்டாள்.

"மூணாவது வருஷமே ஒரு பதில் போட்டதா அவங்க சொல்றாங்க," என்றார் செயலாளர். "நம்ம கைக்கு வந்து சேரவே இல்லை. தபால்ல போயிருக்கு பாருங்க."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக டைப் அக்கா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வந்துச்சு சார். சிஸ்டர்தான் நோட்டுல ஏத்த வேண்டாம்னாங்க. 'ஊருக்கெல்லாம் லெட்டர் எழுதற மனுஷன் எனக்காக எழுதினது இது ஒண்ணுதான், மாசம் ஒரு தடவை அவர் கையெழுத்தோட பாத்துக்கறேன், நிறுத்திடாதே'ன்னு கேட்டுக்கிட்டாங்க."